சாம்ப்ளர்: நினைவகக் கொள்ளளவும் வாசிப்பும்

சாம்ப்ளர் என்பது, வெளியே எழும் நாதத்தை ஒலிவாங்கியின் வழியாகக் கிரகித்து, எண்களாக மாற்றித் தன் நினைவகத்தில் நிறுத்திக்கொண்டு, விசையை அழுத்தியதும் வேண்டிய ஸ்தாயியில் அதைத் திரும்ப ஒலிக்கும் இசைச்சாதனம். சின்தஸைசர் ஒலியைத் தானே சிருஷ்டிக்கிறது. சாம்ப்ளரோ பிறர் வாசித்ததைச் சேமித்து வைத்து அதையே மூலதனமாகக் கொள்கிறது. ஆகையால் சேமிக்க எவ்வளவு இடமுண்டு என்பதே அதன் தராதரத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்தது. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், அசோக் நகர் என ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் சென்னைப் பேட்டைகளின் ஒலிப்பதிவுக் கூடங்களில், மேல்நாட்டுப் பியானோவுக்கென்று அமைந்த இந்த இடம் நம்முடைய மிருதங்கத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் போதுமானதாயிருந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.

கணக்கு எளியது. குறுந்தகட்டின் தரத்தில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், அதாவது 2 பைட்டில் எழுதினால், ஒரு விநாடிக்கு 88,200 பைட் செலவாகும். 2 மெகாபைட் நினைவகத்தில் 24 விநாடிகூட முழுதாக அடங்காது. ஸ்டீரியோவாயின் அதிலும் பாதி. 32 மெகாபைட் இருந்தால் 6 நிமிஷம் 20 விநாடி கிடைக்கும்.

இவ்வினக் கருவிகளின் பூர்வீகம் காந்த நாடாவில் இருக்கிறது. 1960களில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்த மெலட்ரான் என்னும் வாத்தியத்தில், ஒவ்வொரு விசைக்கும் கீழே ஏறக்குறைய 8 விநாடி ஓடும் நாடா ஒன்று பொருத்தப்பட்டிருந்தது; நாடா தீர்ந்ததும் நாதமும் தீரும். எண்முறைச் சாம்ப்ளர்களின் முன்னோடிகளுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் அமைத்து 1979இல் வெளியிட்ட ஃபேர்லைட் சி.எம்.ஐ. ஒரே சமயத்தில் ஒலிக்கவல்ல அதன் 8 குரல்களில் ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் மட்டுமே உண்டு. 8 பிட்டில், விநாடிக்கு 16,000 தடவை அளந்தால் ஒரே ஒரு விநாடி. 1981இல் அமெரிக்காவில் இ-மு நிறுவனம் கொணர்ந்த எமுலேட்டர் 128 கிலோபைட் உடையது. விசைப்பலகையின் இடப்பாதிக்கு 2 விநாடிச் சொச்சம், வலப்பாதிக்கு அவ்வளவே. பத்தாயிரம் டாலரை நெருங்கிய அதன் விலையோடு ஒப்பிடுங்கால், அதே அளவு ஒலிநினைவகத்தை 1,695 டாலருக்குக் கொடுத்த என்சோனிக் மிராஜ், 1980களின் நடுவில் இக்கருவியைச் சாமானிய இசைக்கலைஞரின் கைக்கு எட்டச் செய்தது. 1986இல் ஜப்பானிய அகாய் நிறுவனத்தின் எஸ்900, 12 பிட் தரத்தில் 750 கிலோபைட்டோடு வந்தது. உச்சத் தரத்தில் 12 விநாடிக்குச் சற்றுக் குறைவு. 1987இல் வந்த இ-மு எஸ்.பி.-1200 மொத்தம் 10 விநாடியே கொள்ளும். நியூயார்க் இளைஞர்கள் 33 சுற்றில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் விரைவாக ஓட்டிப் பதிந்து, பிறகு தாழ்ந்த ஸ்தாயியில் வாசித்து, இடத்தை மிச்சம்பிடித்தார்கள். அக்காலத்து ஒலியின் கரகரப்பை இன்று பலர் விரும்பித் தேடுகிறார்கள். அது பற்றாக்குறை ஈன்ற குழந்தையேயன்றி, எவரும் திட்டமிட்டு அமைத்த அழகன்று. 1988இல் வெளியான அகாய் எஸ்1000, 16 பிட் தரமும், 2 மெகாபைட்டில் தொடங்கி 32 வரை விரியும் நினைவகமும் கொண்டிருந்தமையால், ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் அரசோச்சியது.

அந்த 2 மெகாபைட்டில் ஒரு மிருதங்கத்தைக் குடியேற்றிப் பார்ப்போம். வலந்தலையின் நம், தீம், சாபு, அரைச்சாபு, தொப்பியின் தொம், கும்கி என்றிவ்வாறு 12 சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் மெல்லியதிலிருந்து ஓங்கியது வரை நான்கு படிகளில் வாசிக்கச் செய்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு விநாடி ஒதுக்கினால், 48 விநாடி. பைட் கணக்கில் 42,33,600. இடமோ 20,97,152தான். அளக்கும் வேகத்தைப் பாதியாக்கினால் 21,16,800 ஆகிறது. அப்போதும் அரை விநாடிக்குக் குறைவான ஒரு துண்டு வெளியே நிற்கிறது! அதற்காகச் சாபுவின் கார்வையையோ தொம்மின் முழக்கத்தையோ நுனியில் கத்தரித்தாக வேண்டும். வேகம் பாதியானதால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் முன்பே அழிந்துபோக, வலந்தலைக்குக் குச்சி கொடுக்கும் அந்தத் தெளிந்த கிணுகிணுப்பும் மங்கிவிடும். நான்கு படிகளை ஒன்றாகச் சுருக்கினாலோ, இடம் தாராளம். ஆனால் எந்த அடியும் முந்தைய அடியின் நகலாகவே கேட்கும்.

நாதஸ்வரத்தின் பாடு இதனினும் கஷ்டமானது. ஓர் ஒலியை மேல்ஸ்வரத்துக்கு ஏற்ற வேண்டுமானால் பழைய சாம்ப்ளர் அதை விரைவாக ஓட்டுகிறது. பியானோவுக்கு அதனால் பெரிய தோஷமில்லை. ஷட்ஜத்தில் கம்பிதத்தோடு பதிந்த ஒலியைப் பஞ்சமத்தில் வாசித்தாலோ அசைவும் ஒன்றரை மடங்கு விரைந்து, கமகம் நடுக்கமாகிவிடுகிறது. ஆகவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனித்தனியே பதிய வேண்டும்: இரண்டு ஸ்தாயிக்கு 24 ஸ்வரஸ்தானம், தலா 4 விநாடி என்றாலே 8 மெகாபைட்டைத் தாண்டுகிறது, அதுவும் ஒரே வகைக் கமகத்துக்கு. மேல்நாட்டார் நீண்ட ஒலியின் நடுவே சிறு துண்டைச் சுழலவிட்டு இடத்தைச் சேமிக்கும் உபாயம், அசைந்துகொண்டேயிருக்கும் நம் ஸ்வரத்துக்குப் பொருந்தாது. அற்ப நினைவகத்தால் அதிகம் நஷ்டமடைந்தது கமகசங்கீதமே என்பதில் ஐயமில்லை.

1986இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தி இசையமைத்தது, தொடக்கத்தில் சொன்ன சென்னைப் பேட்டைகளில் எண்முறை இசையின் வரவுக்கு ஓர் அடையாளம். ஏ. ஆர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டே குடும்பம் காலங்கழித்தது. வாத்தியத்தின் அருமையை அவ்வாறு அறிந்த மகன் 1989இல் கோடம்பாக்கத்து இல்லத்திலேயே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் கூடத்தை அமைத்தார். 1992இல் அவர் இசையமைத்த 'ரோஜா' படம் வெளியானபின், தாளத்தை எண்முறைக் கருவிகளில் கோத்துவிட்டுப் புல்லாங்குழல், வீணை, நாதஸ்வரம் ஆகியவற்றுக்கு வித்வான்களை அழைக்கும் முறை எங்கும் பரவியது. இதற்கு ரசனை ஒரு காரணமாயின், மேலே கண்ட கணக்கு மற்றொரு காரணம்.

நினைவகம் பெருகினால் கருவி வேகமடையும் என்று எண்ணுவது பிழை. ஒரே சமயத்தில் எத்தனை குரல் ஒலிக்கும் என்பதை நினைவகம் தீர்மானிப்பதில்லை. 32 மெகாபைட்டாக்கினாலும் எஸ்1000 ஒலிப்பது 16 குரல்தான், ஸ்டீரியோவில் 8. மேலும் பெரிய நினைவகத்தை நிரப்பப் பெரிய அவகாசம் வேண்டும்: 1.44 மெகாபைட் ஃபிளாப்பிகளாயின் 23 தேவை. அதனாலேயே ஹார்ட் டிஸ்க் அவசியமாயிற்று. நடுவே கரண்ட் ஒரு கணம் போய் வந்தால் நினைவகம் முழுதும் காலியாகி, வாத்தியக்காரர்கள் காத்திருக்க, முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பெரிய நினைவகத்தின் மெய்யான பயன், ஒரு பாட்டுக்குரிய எல்லா ஒலிகளும் ஒருங்கே உள்ளே நிற்பதும், படிகள் பெருகுவதுமே.

1998இல் கிகாசாம்ப்ளர் என்னும் மென்பொருள், ஒலியின் தொடக்கத்தை மாத்திரம் நினைவகத்தில் வைத்து எஞ்சியதை டிஸ்க்கிலிருந்து ஓடஓட எடுக்கும் முறையைக் கொணர்ந்தபின் இத்தடை தளர்ந்தது. 2017இல் வந்த அகாய் எம்.பி.சி. லைவ் 2 ஜிகாபைட் கொண்டது. கணினிகளில் அதனினும் மிகுதி.