ரீபேக் சரிவு கற்பித்த வித்தை

கலிபோர்னியாவில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்திலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரீன் என்னும் ஜில்லா வரும். அங்கே, டமால்பைஸ் மலைக்கு அப்பாலுள்ள குன்றுகளின் அடிவாரத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூர் அமைந்திருக்கிறது. காட்டுத் தீ மூண்டால் வண்டிகள் ஏறிச் செல்வதற்காக அக்குன்றுகளில் வெட்டிவிட்ட மண்பாதைகளுள் ஒன்று, ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் 1300 அடி கீழிறங்கி ஊரை நெருங்குகிறது. இன்று எந்த மலைநாட்டிலேனும் ஓர் இளைஞன் சைக்கிளில் சரிவிறங்கவும் வளைவுகளில் திரும்பவும் பழகும்போது அவனுக்குச் சொல்லப்படும் உபதேசங்களில் பெரும்பகுதி, இந்த ஒரு பாதையில் 1970-களின் பிற்பகுதியில் சில இளைஞர்கள் முழங்காலும் முழங்கையும் சிராய்த்துக் கற்ற பாடமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவர்கள் ஏறியவை புதிய வண்டிகள் அல்ல. 1933-இல் ஷ்வின் கம்பெனியார் அமெரிக்கச் சிறுவர்களுக்காகப் பருத்த பலூன் டயர் பொருத்திய சைக்கிள்களைச் செய்து விற்கத் தொடங்கினர். அந்த வமிசத்தில் வந்து, பழைய சாமான் கடைகளிலும் கொல்லைப்புறங்களிலும் துருப்பிடித்துக் கிடந்த எக்ஸெல்ஸியர் போன்ற வண்டிகளை அற்ப விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலிய அலங்காரங்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அவ்விளைஞர்கள் மலைக்கு எடுத்துச் சென்றார்கள். பருத்த டயர் கல்லையும் பள்ளத்தையும் பொறுத்துக்கொண்டது. அவ்வண்டிகளின் இரும்புச் சட்டமோ எத்தனை முறை விழுந்தாலும் எளிதில் உடையவில்லை. குறையெல்லாம் பிரேக்கில்தான் இருந்தது. கையால் பிடிக்கும் பிரேக் அவற்றில் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிப்பு ஏற்படும். நகரத்துத் தெருவில் பத்திரிகை போடும் சிறுவனுக்கு இந்த ஏற்பாடு போதும். இரண்டு மைல் இடைவிடாது இறங்குகிறவனுக்கோ, உராய்வின் சூட்டில் ஹப்பிலிருந்த கிரீஸ் முழுவதும் கருகிப் புகையாய்ப் போய்விடும். ஆகவே ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். அப்படித் திரும்ப அடைக்கும் வேலையையே பெயராகக் கொண்டு அந்தச் சரிவு ரீபேக் என்று பிரசித்தமாயிற்று.

1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அங்கே முதற் பந்தயம் நடந்தது. ஆலன் பாண்ட்ஸ் என்பவர் வென்றார். பந்தயங்களை ஏற்பாடு செய்தவர் சார்லி கெல்லி. பாதை குறுகலாகையால், எல்லாரையும் ஒன்றாக அனுப்பாமல், இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக அனுப்பி, உச்சியிலும் அடிவாரத்திலும் முன்கூட்டியே ஒத்துப்பார்த்து வைத்த இரு கடிகாரங்களைக் கொண்டு அவர் காலத்தைக் கணக்கிட்டுத் தமது நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துவைத்தார். இச்செய்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், யார் துணிவுள்ளவர் என்ற வீண் தர்க்கத்துக்கு இடமில்லாமல், எந்த வளைவை எப்படி எடுத்தால் எத்தனை விநாடி மிஞ்சுகிறது என்பதை அந்த நோட்டுப் புஸ்தகம் ஈவிரக்கமின்றிக் காட்டிவிட்டது. துணிச்சலாக மட்டும் இருந்த ஒரு காரியம் வித்தையாக மாறியது அவ்விதமே.

பின்மிதிப் பிரேக் உள்ள வண்டியில் வளைவெடுப்பது எப்படி என்பதைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். இரண்டு பெடல்களும் ஏறக்குறையச் சமமட்டத்தில் இருக்கும்போதுதான் பின்னோக்கி உதைக்கக் காலுக்குப் பலம் கிடைக்கும். பெடல்கள் மேலும் கீழுமாக நிற்கும் தருணத்தில் வளைவு வந்துவிட்டால் பிரேக் இல்லாதவன் கதிதான். ஆகையால் வளைவுக்கு வெகுதூரம் முன்னதாகவே கால்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு, பின்சக்கரத்தை இறுக்கிச் சறுக்கவிட்டு, வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசி வரும்போது ஹாண்டில்பாரை எதிர்த்திசையில் சற்றே திருப்பிச் சமன் செய்து, உட்பக்கத்துக் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையைத் தொடுவதுபோல் நீட்டி, புழுதி மேகத்தினூடே அடுத்த நேர்பாதையை நோக்கி வண்டியைத் திருப்பவேண்டும். காமரா கார்னர் என்ற வளைவில் போட்டோ பிடிப்பவர்கள் கூடி நின்றதற்கு இந்தக் காட்சியே காரணம். பார்க்க அழகானது, ஆனால் சறுக்கும் டயர் பாதையைப் பற்றுவதில்லையாதலால், ஒவ்வொரு சறுக்கலும் வேகத்தைத் தின்றது.

மாறுதலுக்கு வித்து முன்பே விழுந்திருந்தது. 1974 டிசம்பரில், மரீனைச் சேர்ந்த மில்வாலியில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் குபர்டினோ ஊரிலிருந்து வந்த மாரோ டர்ட் கிளப்பினர் சிலர், பருத்த டயர் வண்டியிலேயே பல கியர்களையும் கையால் பிடிக்கும் பிரேக்குகளையும் பொருத்தியிருந்தனர். அதைக் கண்ட மரீன் இளைஞர்களுள் காரி ஃபிஷர் முதலியோர் தாமும் அவ்வாறே கியர்களையும் டிரம் பிரேக்குகளையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளையும் மாட்டிக்கொண்டார்கள். ரீபேக் சரிவில் 4 நிமிஷம் 22 விநாடி என்ற ஃபிஷரின் சாதனையை எவரும் மிஞ்சவில்லை. இரண்டே விநாடி பின்தங்கியவர் ஜோ ப்ரீஸ். அந்த ப்ரீஸ்தான் 1977-இல் குரோமியம் கலந்த உருக்குக் குழாய்களைக் கொண்டு, பழைய சட்டம் எதையும் சாராமல், மலைப்பாதைக்கென்றே ஒரு சைக்கிளைப் படைத்தார்.

முன்சக்கரத்துக்கும் பிரேக் கிடைத்தவுடன் உடம்பின் சாஸ்திரமே மாறியது. சரிவில் வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பின்டயர் லேசாகி வழுக்க, முன்டயரோ மண்ணில் அழுந்திப் பிடிக்கிறது. ஆனால் டயருக்கு உள்ள பிடிமானம் அளவுபட்டது. அதை வேகம் குறைப்பதில் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் எஞ்சாது. எனவே, வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து முடித்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்தி, வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே இறக்கி அதன்மீது உடலின் பாரத்தை ஊன்றி, வண்டியை மட்டும் உட்புறமாகச் சாய்த்து, சக்கரத்தடியில் கிடக்கும் கல்லைப் பாராமல் வளைவு முடியும் இடத்தில் பார்வையை நிறுத்துவது முறையாயிற்று. கையில் பிரேக் வந்ததனால்தான் கால்களுக்கு இந்த விடுதலை கிட்டியது. பிரேக்கும் பெடலும் ஒன்றாயிருந்த காலத்தில், வெளிக்காலைத் தாழ்த்துவதும் வேகத்தை அடக்குவதும் ஏககாலத்தில் இயலாத காரியம். புதிதாகப் பழகுகிறவர்கள் பின்பிரேக்கை மட்டும் இறுக்கிச் சறுக்கிக்கொண்டு போவதைக் காணும்போதெல்லாம், அவர்கள் தம்மையறியாமல் 1976-ஆம் வருஷத்து வண்டியை ஓட்டுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவ்வண்டிக்காரர்களுக்கு வேறு வழியில்லை, இவர்களுக்கு உண்டு.

ரீபேக் பந்தயங்கள் 1984-உடன் நின்றன. 1990-இல் கொலராடோவின் துராங்கோ நகரத்தில் உலகச் சாம்பியன் போட்டி முதன்முறையாக நடந்தபோது, சரிவிறங்குவது அதில் தனியொரு பிரிவாகவே ஸ்தானம் பெற்றது. அதே சமயத்தில், அதிர்ச்சியை உள்வாங்கும் ஃபோர்க்குகளும் கடைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைக் காட்டிலும் சீட்டின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தார்ச்சாலைச் சம்பிரதாயப்படி சீட்டை உயர்த்தி வைத்துக்கொண்டு செங்குத்தான சரிவில் இறங்கினால், பின்னே நகரவும் இடமின்றித் தாழவும் வழியின்றி, ஒரு சிறு பள்ளமே மனிதனை ஹாண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே ரீபேக் இளைஞர்கள் உச்சியில் நின்று சீட்டைத் தாழ்த்திக்கொண்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ப்ரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் ஹைட்-ரைட் என்ற ஒரு ஸ்பிரிங்கை உருவாக்கி, இறங்காமலே சீட்டைத் தாழ்த்தவும் உயர்த்தவும் வசதி செய்தார்கள். சில காலம் புகழோடு விளங்கிய அந்த ஸ்பிரிங்கைப் பின்னர் உலகம் மறந்தது. வெகுகாலம் கழித்து, ஹாண்டில்பாரிலுள்ள சிறு பிடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கும் சீட் கம்பமாக அந்த யோசனை திரும்பி வந்து, இன்று நல்ல மலைச் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் இடம்பெற்றிருக்கிறது.