எலிவேஷன் கெட்டுடும்!

சனி ஞாயிறு ஊருக்குப் போனா நிம்மதியா தூங்கலாம்னு திருச்சிக்கு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தா வீட்ல ஒரு பஞ்சாயத்து எனக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

எங்க வீடு மூலை மனை. சமையலறை ஜன்னல் மேற்குல, பக்கத்துத் தெருவைப் பார்த்து இருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு மேல வெயில் அந்த ஜன்னல் வழியா நேரா உள்ள வந்து அடுப்பு மேடை மேல உட்காந்துக்கும். அந்த மே மாசத்துல ஒருநாள், சாயங்காலக் காப்பிக்குப் பால் வெச்சுக்கிட்டு இருந்த அம்மாவுக்குத் தலை சுத்தி, அப்படியே தரையில உட்காந்துட்டாங்க. பெரிசா ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு போன்ல கூடச் சொல்லல. பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் தெரியும்.

அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஜன்னலுக்கு வெளிய ஒரு சாய்ப்பு. அப்பா சொன்ன பதிலும் ஒண்ணே ஒண்ணு: "எலிவேஷன் கெட்டுடும்."

ரிட்டயர் ஆன காசுல, கூடவே நின்னு கட்டின வீடு. அந்த மேற்குச் சுவத்துல க்ரூவ் எங்க வரணும், எந்தக் கலர் எது வரைக்கும்னு அவரே பேப்பர்ல போட்டுப் பார்த்து முடிவு பண்ணினது. அது மேல தகர ஷீட்டா? நடுவுல நான் புத்திசாலித்தனமா, "ஏசி போட்டுடலாமே"ன்னேன். "அடுப்பு எரியற எடத்துல ஏசியாடா? நல்லா படிச்ச போ"ன்னு அம்மா ஒரே வரில முடிச்சுட்டாங்க. :-)

திங்கக்கிழமை திரும்ப வந்து பொட்டி தட்ட உட்காந்தா மனசு ஆணி புடுங்கறதுல ஓடல. சாய்ப்போட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட, எங்க வீட்டுச் சண்டை ரொம்பப் பெரிய இடத்துலயும் நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

கப்பல்ல இருந்து வந்த நிழல்

ரோமானியர்கள் அரங்குகளுக்கு மேல பெரிய பெரிய துணிப் பந்தல் இழுத்துக் கட்டுவாங்க. அதுக்குப் பேரு 'வேலா'. லத்தீன்ல அந்தச் சொல்லுக்குக் கப்பல் பாய்னும் அர்த்தம் உண்டு. கி.பி. 79-ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேய் நகரத்துச் சுவர்கள்ல அந்தக் கால விளம்பரங்கள் இன்னும் இருக்கு. இன்ன தேதிக்கு வாள்சண்டை, இத்தனை ஜோடி வீரர்கள்னு எழுதிட்டு, நிழல் பந்தலும் உண்டுன்னு மறக்காம சேர்த்திருக்காங்க. நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் போஸ்டர் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பந்தலை இழுத்துக் கட்ட மைசீனம் கடற்படைத் தளத்துலேர்ந்து மாலுமிகளைக் கொண்டு வந்து வெச்சிருந்தாங்க. கயிறும் பாயும் தெரிஞ்சவங்க அவங்கதானே.

கலிகுலான்னு ஒரு சக்கரவர்த்தி. உச்சி வெயில்ல பந்தலைச் சுருட்டச் சொல்லிட்டு, யாரும் எழுந்து போகக் கூடாதுன்னும் உத்தரவு போடுவாராம். சூட்டோனியஸ் எழுதி வெச்சிருக்கார். வெயில்ல நிக்கறது யாரு, நிழலைப் பத்தி முடிவு பண்றது யாருங்கிற பிரச்சினை அப்பவே இருந்திருக்கு.

ஆங்கிலத்துல 'ஆனிங்'ங்கிற சொல்லுக்குக் கிடைச்சிருக்கிற பழைய எழுத்துச் சான்று 1624. எழுதினவர் கேப்டன் ஜான் ஸ்மித். 1607-ல வர்ஜீனியாவுல ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை ஆரம்பிச்ச கூட்டத்துல ஒருத்தர். அங்க முதல்ல வழிபாடு நடந்ததே, மரங்களுக்கு நடுவுல கட்டின ஒரு பழைய கப்பல் பாய்க்குக் கீழதான்னு பின்னாடி இன்னொரு புத்தகத்துல சொல்றார். இங்கயும் கப்பல் பாய்தான்!

அதே அமெரிக்காவுல 19-ம் நூற்றாண்டு முடியறப்ப கடைத்தெரு முழுக்கக் கித்தான் சாய்ப்புகள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேல கோடு போட்ட துணி. அந்தக் கால நியூயார்க் போட்டோக்களைப் பாருங்க, மாடி ஜன்னல்களுக்குக் கூட ஒவ்வொண்ணுக்கும் இமை மாதிரி ஒண்ணு இருக்கும். கோடைக்கு மாட்டி, குளிருக்குக் கழட்டிடுவாங்க.

அதிபர் வீட்டுப் பஞ்சாயத்து

இப்ப மேட்டருக்கு வருவோம். வெள்ளை மாளிகையோட தெற்குப் பக்கம் அரை வட்டமா உயரமான தூண்கள் வெச்ச ஒரு முகப்பு இருக்கும். 1824-ல கட்டினது. தெற்கு வெயில் அந்தத் தூண்களைத் தாண்டி உள்ள அடிக்கும். அதனால கோடையில தூண்களுக்கு நடுவுல கித்தான் சாய்ப்பு கட்டுவாங்க. 1945-ல அதிபரான ஹாரி ட்ரூமனுக்கு அதைப் பார்த்தாலே ஆகல. அழுக்குப் பிடிக்குது, தூணோட அழகை நடுவுல வெட்டுதுன்னு சொன்னார். (எங்கப்பா கட்சி!)

ஆனா நிழலும் வேணுமே. அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, தூண்களுக்குப் பின்னாடி ரெண்டாவது மாடி உயரத்துல ஒரு பால்கனி. பால்கனி கீழ்தளத்துக்கு நிழல் தரும், துணியும் வேண்டாம், குடும்பத்தோட சாயங்காலம் வெளிய உட்காரவும் ஆச்சு. (இப்ப எங்கம்மா கட்சி.)

கிளம்பிச்சு எதிர்ப்பு. கட்டிட அழகைப் பத்தி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற நுண்கலை ஆணையம் கூடாதுன்னுச்சு. தூண் வரிசைக்கு நடுவுல தளம் போட்டா முகப்போட அமைப்பே போயிடும்கிறது அவங்க வாதம். நம்ம பாஷையில சொன்னா, எலிவேஷன் கெட்டுடும். பத்திரிகைகளும் வறுத்து எடுத்துச்சு. ட்ரூமன் பதிலுக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைக் காட்டினார். தாமஸ் ஜெஃபர்சன் வடிவமைச்ச அந்தக் கட்டிடங்கள்லயே உயரமான தூண்களுக்குப் பின்னாடி பால்கனி இருக்கே, அப்புறம் என்னன்னு கேட்டார்.

வில்லியம் ஆடம்ஸ் டெலனோங்கிற கட்டிடக் கலைஞரை வெச்சு வேலையை முடிச்சுட்டார். 1948 மார்ச்ல ரெடி. செலவு சுமார் 16,000 டாலர். மாளிகைப் பராமரிப்புக் காசுலயே ஆனதால தனியா காங்கிரஸ்ல கேட்க வேண்டி வரல. 20 டாலர் நோட்டுல இருந்த வெள்ளை மாளிகைப் படத்தையும் அதே வருஷம் பால்கனியோட மாத்தி அச்சடிச்சாங்க.

எனக்குப் பிடிச்ச விஷயம் இதுக்கு அப்புறம் வருது. கித்தானைக் கழட்டிட்டு, பால்கனித் தளத்துக்கு அடியில மரப்பட்டைத் திரைகள் மாட்டினாங்க. வெயில் வந்தா இறக்கிக்கலாம். வேண்டாம்னா சுருட்டி மேல ஏத்திட்டா வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, கடைசியில வரும்.

அப்புறம் ஏசி வந்துச்சு

வில்லிஸ் கேரியர் 1902-ல ப்ரூக்ளின்ல தன்னோட முதல் ஏசியை வடிவமைச்சது மனுஷங்களுக்காக இல்ல. ஒரு அச்சகத்துல ஈரப்பதத்தால பேப்பர் சுருங்கி விரிஞ்சு கலர் தள்ளிப் போச்சு, அதுக்காக. 1950-கள்ல ஜன்னல் ஏசி வீட்டு வீட்டுக்கு வரவும் கித்தான் சாய்ப்புகள் ஒவ்வொண்ணா இறங்கிடுச்சு. வெள்ளை மாளிகையும் விதிவிலக்கு இல்ல. 1948-லயே கட்டிடம் உள்ள ஆட்டம் கண்டு, ட்ரூமன் குடும்பம் எதிர்ல ப்ளேர் ஹவுஸுக்குக் குடி போச்சு. வெளிச் சுவரை மட்டும் விட்டுட்டு உள்ள எல்லாத்தையும் எடுத்துக் கட்டி, 1952-ல திரும்பி வந்தப்ப ஏசியும் சேர்ந்து வந்துச்சு.

ஆனா சாய்ப்பு செய்யற வேலை வேற, ஏசி செய்யற வேலை வேற. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து தரையையும் மேடையையும் சூடாக்கிடுச்சுன்னா, அந்தச் சூடு அதே கண்ணாடி வழியா சுலபமா வெளிய போகாது. உள்பக்கம் திரை போட்டாலும் திரையே சூடாகி ரூமுக்குள்ளதான் அனல் விடும். வெயிலை ஜன்னலுக்கு வெளியவே நிறுத்தினா இந்தத் தொல்லை இல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்குப்படி, கோடையில சாய்ப்பு போட்டா தெற்கு ஜன்னல் வழியா வர்ற வெயில் சூடு 65 சதவீதம் வரைக்கும், மேற்கு ஜன்னல்ல 77 சதவீதம் வரைக்கும் குறையும்.

மேற்குக்குத்தான் அதிகம், கவனிச்சீங்களா? எங்க ஜன்னலுக்கும் காங்கிரீட் சன்ஷேடு இருக்கு, ரெண்டடி. உச்சி வெயிலை அது மறைக்கும். ஆனா நாலு மணிச் சூரியன் தாழ வந்து சாய்வா அடிக்கும்போது அது சும்மா நிக்குது. அப்பா அதைக் காட்டி "நெழல் இருக்கே"ன்னு சொன்னது பொய் இல்ல. அவர் அந்த ஜன்னலைப் பார்க்கிறது காலையில, தெருவுல நின்னு. அம்மா பார்க்கிறது நாலு மணிக்கு, உள்ள நின்னு.

அடுத்த வாரம் ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட 77 சதவீதம் எல்லாம் பேசல. நாலு மணிக்கு "அப்பா, இன்னிக்குக் காப்பி நீங்க போடுங்க, அம்மாவுக்குக் கால் வலி"ன்னேன். போனார். பால் பொங்கறதுக்குள்ள ரெண்டு தடவை துண்டால கழுத்தைத் துடைச்சுக்கிட்டார். காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டு ஒண்ணும் பேசல.

ராத்திரி சாப்பிடும்போது ட்ரூமன் கதையைச் சொன்னேன். தூணை வெட்டுதுன்னு துணியைக் கழட்டச் சொன்னாருன்னதும் "கரெக்ட்டுதானே"ன்னார். சுருட்டி மேல ஏத்தற திரைன்னு சொன்னப்பதான் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப காலைல சுருட்டி வெச்சுட்டா தெரியாதா?"

"தெரியாதுப்பா."

மறுநாள் அவரே பழைய பேப்பரை எடுத்து அளவு போட்டார். வெல்டர் வந்து சன்ஷேடுக்கு அடியில ரெண்டு கொக்கி, ஒரு ஜிஐ பைப் வெச்சுட்டுப் போனார். அதுல கயிறு இழுத்தா இறங்கற கித்தான் படுதா, மளிகைக் கடை வாசல்ல தொங்குமே அதே மாதிரி. சுவத்துக் கலருக்கு மேட்ச்சா துணி தேடி அப்பா பெரிய கடை வீதியில ரெண்டு நாள் அலைஞ்சார். இப்ப தினமும் ரெண்டரை மணிக்கு இறக்கறதும் ஆறு மணிக்குச் சுருட்டறதும் அவர் வேலை. மைசீனத்து மாலுமின்னு நான்தான் பேரு வெச்சிருக்கேன், அவருக்குத் தெரியாது. :-)

அம்மாகிட்ட எப்படி இருக்குன்னு கேட்டேன். "இதை வீடு கட்டும்போதே கேட்டேன்டா"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

டிஸ்கி: உங்க வீட்டு மேற்கு ஜன்னல்கிட்ட ஒரு நாள் நாலு மணிக்குப் போய் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. யார் அங்க தினமும் நிக்கறாங்கன்னும் பாருங்க.