எக்ஸ்ட்ராஸ் டிஸ்க்கில் வந்த பேசிக்

1985 ஜூலை 23 அன்று நியூயோர்க் லிங்கன் சென்டரில் கொமடோர் நிறுவனம் அமிகா என்ற புதிய கணினியை அறிமுகம் செய்தது. ஓவியர் அண்டி வோர்ஹோல் மேடையிலேயே பாடகி டெபி ஹரியின் உருவத்தை அதில் தீட்டினார். 4096 நிறங்கள், ஸ்டீரியோவில் நான்கு ஒலித்தடங்கள், ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை ஓட்டும் இயங்குதளம். அலுவலகக் கணினிகள் பீப் என்ற சத்தத்தைத் தாண்டாத காலம் அது. அமிகாவின் கதையைச் சொல்பவர்கள் இந்த மேடையையும் பிறகு வந்த விளையாட்டுகளையும்தான் சொல்வார்கள். நான் சொல்லவேண்டியது, கணினியோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட எக்ஸ்ட்ராஸ் என்ற டிஸ்க்கைப் பற்றி.

அதில்தான் அமிகா பேசிக் என்ற நிரல்மொழி இருந்தது. தொடக்கத்தில் மெட்டாகோம்கோ என்ற பிரித்தானிய நிறுவனத்தின் பேசிக்கைக் கொடுத்தார்கள். விரைவிலேயே மைக்ரோசொஃப்ட் எழுதியது அதன் இடத்துக்கு வந்தது. அதன் அருமை தெரியவேண்டுமென்றால் அதற்கு முந்திய கொமடோர் 64ஐப் பார்க்கவேண்டும். 1982இல் வந்த அந்தக் கணினியின் ஒலி சிப் இன்றும் இசைக்காரர்கள் தேடுவது. ஆனால் அதன் பேசிக்கில் ஒலிக்கோ படத்துக்கோ ஒரு கட்டளையும் இல்லை. திரையின் ஓர நிறத்தை மாற்றவே 53280 என்ற நினைவக முகவரியில் ஓர் எண்ணைப் போடவேண்டும். படிக்கிற பிள்ளை முகவரிகளை மனப்பாடம் செய்தது.

அமிகா பேசிக்கில் வட்டத்துக்கு ஒரு கட்டளை, நிறத்துக்கு ஒன்று, ஒலியலையின் வடிவத்துக்கு ஒன்று. வரிக்கு வரி இலக்கம் போடும் வேலையும் இல்லை. ஒரு ஜன்னலில் எழுதினால் இன்னொரு ஜன்னலில் படம் அசையும்.

எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்துசேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அண்ணா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில், ஆரோ பாவித்த அமிகா 500 ஒன்றை வாங்கிவந்தார். 1987இல் வெளிவந்த அந்த மொடல் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் வீடு வீடாகப் போயிருந்தது. எங்களை முதலில் பிடித்து இழுத்தது அதன் குரல். அமிகாவின் இயங்குதளத்துக்குள்ளேயே பேச்சை உருவாக்கும் பகுதி இருந்தது. பேசிக்கில் 'சே' என்று ஒரு கட்டளை போட்டால் கதைக்கும். ஆங்கிலச் சொல்லை ஒலிக்குறிகளாக மாற்றித் தரவும் ஒரு வழி இருந்தது. நாங்கள் அதை விட்டுவிட்டு, ஒலிக்குறிகளை நாங்களே எழுதி வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் சொல்லவைத்தோம். ஆங்கிலத்துக்கென்று செய்த அந்தக் குறிகளில் ழகரம் இல்லை. "வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அம்மா. எந்தக் குறியை மாற்றினால் தமிழுக்குக் கிட்டப் போகும் என்று தேடித்தேடித்தான் நான் நிரல் எழுதப் பழகினேன்.

அதே டிஸ்க்கில் மாதிரி நிரல்களும் இருந்தன. அசையும் உருவங்களை வரைவதற்கான ஒப்ஜெக்ட் எடிட்டரே பேசிக்கில் எழுதப்பட்டிருந்தது. அதை ஓட்டலாம், நிறுத்தலாம், உள்ளே இருக்கும் வரிகளை வாசிக்கலாம், மாற்றியும் பார்க்கலாம். பாவிக்கிற கருவியும் படிக்கிற பாடமும் ஒன்றாக இருந்த இடம் அது. அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

குறைகளும் இருந்தன. அமிகா பேசிக் மெதுவானது. விற்பனைக்கு விளையாட்டு எழுதியவர்கள் சி மொழிக்கும் அசெம்பிளருக்கும் போனார்கள். அமிகாவின் 68000 புரொசசர் முகவரிக்கு 24 பிட்களையே பயன்படுத்தும். மிச்சம் கிடந்த மேல் 8 பிட்களை மைக்ரோசொஃப்ட்டின் நிரல் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டது. 32 பிட்களையும் பயன்படுத்தும் புரொசசர்கள் வந்தபோது அது தடுமாறி விழுந்தது. 1990இல் வந்த அமிகா இயங்குதளப் பதிப்பான வேர்க்பெஞ்ச் 2.0இல் பேசிக் இல்லை. அதற்குப் பதில் வில்லியம் ஹோஸ் எழுதிய ஏரெக்ஸ் என்ற மொழி வந்தது. ஒரு புரோகிராமைக் கொண்டு இன்னொன்றை இயக்குவதில் அது கெட்டிக்காரன். ஆனால் வட்டம் வரையவும் பாட்டு வாசிக்கவும் ஆசைப்படும் பிள்ளைக்கு அது கைகொடுக்காது. அதே ஆண்டு பிரான்சின் பிரான்சுவா லியோனே எழுதிய அமோஸ் என்ற பேசிக் மொழி, அமிகா பேசிக்கைவிட வேகமாகவும் வசதியாகவும் வந்தது. ஆனால் அதைக் கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும். ஏற்கெனவே ஆசை பிறந்தவர்கள் வாங்கினார்கள். தற்செயலாக ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து ஆசை பிறக்கும் வழி அடைபட்டது. 1994 ஏப்ரலில் கொமடோரே திவாலாகியது.

அப்படி அடைபட்ட வழியை இன்று திறந்துவைத்திருப்பவர்களும் உண்டு. கேரளப் பள்ளிகளுக்கென்று அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ் இயங்குதளத்தில் படம் திருத்தும் கிம்ப், ஒலி வெட்டும் ஓடாசிட்டி ஆகியவற்றோடு ஸ்க்ராட்ச், பைதன் என்ற நிரல்மொழிகள் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தேவைப்பட்டால் தரவிறக்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தனக்கு என்ன தேவை என்று தொடக்கக்காரருக்குத் தெரியாது. படமும் பாட்டும் காட்டும் கணினியைப் பிள்ளையின் கையில் கொடுப்பவர்கள், அவற்றைச் செய்யும் மொழியையும், திறந்து வாசிக்கக்கூடிய மாதிரிகளையும் கேட்கும் முன்பே உள்ளே வைத்துக் கொடுக்கவேண்டும்.