ஒரு வேதம், பல தமிழாக்கங்கள்: யாழ்ப்பாணம் தரும் பாடம்

 

பைபிளின் ஒரு பதிப்பிலுள்ள வசனம் மற்றொன்றில் இல்லாதிருப்பது ஏன் என்னும் வினா நம் இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. உரும்பிராய்க்கு அண்மையிலுள்ள நல்லூரில் 1822இல் பிறந்தவர் ஆறுமுக நாவலர். சைவராகிய அவர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று பைபிளைத் தமிழாக்கினார். அந்நூல் 1850இல் சென்னையில் அச்சேறிற்று. எனினும் முன்னைய தமிழாக்கங்களில் பழகிய தமிழகச் சபைகள் அதனை ஏற்கவில்லை. பின்னர் பவர் ஐயர் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டுத் தமிழாக்கமே நிலைபெற்றது.

இங்கு நாம் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, சொல் வேறுபாடு. இறைவனைக் குறிக்கப் பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார்; பவர் 'தேவன்' என்றார்; 1995இன் திருவிவிலியம் 'கடவுள்' என்றது. இது மொழிபெயர்ப்பாளரின் தெரிவு மட்டுமே. திருக்குர்ஆனின் தமிழாக்கங்களும் சொல்லால் வேறுபடுகின்றன. அரபு மூலமோ ஒன்றே.

இரண்டாவது, மூலப்பிரதி வேறுபாடு. 1 யோவான் 5:7இல் பரலோகச் சாட்சிகள் மூவர் எனக் கூறும் பகுதி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. இராஸ்முஸ் என்னும் அறிஞர் 1516, 1519 பதிப்புகளில் அதனைச் சேர்க்கவில்லை, 1522இல் சேர்த்தார். அவ்வழியே அது 1871ஆம் ஆண்டுத் தமிழாக்கத்திலும் இடம்பெற்றது; திருவிவிலியத்தில் இல்லை. மாற்கு 16:9-20 பகுதியும் நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் காணப்படவில்லை. இவற்றை ஆராய்ந்து வெளிப்படையாக எழுதியவர்களுள் பெரும்பாலானோர் கிறிஸ்தவ அறிஞர்களே என்பதையும் மறத்தலாகாது.

முன்னைய வேதங்களில் மனிதக் கரம் பட்டதென்பது நமது நம்பிக்கை. அதற்காகச் சொல் வேறுபாட்டைத் திரிபு எனக் காட்டுதல் நீதியன்று. அவ்வாறு வாதிடுபவன், தன் வாதத்தைத் தானே பலவீனப்படுத்துகின்றான். வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே உரையாட வேண்டும் என்பது ஸூரத்துல் அன்கபூத் 46ஆவது வசனம் நமக்கிடும் கட்டளையாகும்.

இளைஞர்களே! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் மீண்டு வந்த நம் குடும்பங்கள் இந்துக்களோடும் கிறிஸ்தவர்களோடும் அயல் வீட்டாராய் வாழ்கின்றன. ஒரு விவாதத்தில் வென்று அயலவரை இழப்பது வெற்றியாகுமா? தாம் ஏற்காத சமயத்தின் நூலையும் பொறுப்புடன் தமிழாக்கிய நாவலரிடம் அமானிதம் பேணும் பண்பைக் காண்கின்றோம். பெற்றோர்களே, பிள்ளைகள் எதையும் கற்றுத் தெளிந்த பின்னரே பேசப் பழக்குங்கள்.

அறிவையும் நீதியையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.