மாருதி 800

மாருதி 800 என்பது இந்தியாவில் 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட சிறிய மகிழுந்து ஆகும். மாருதி உத்யோக் நிறுவனம் (2007 முதல் மாருதி சுசூக்கி) இதனைத் தயாரித்தது. மொத்தம் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாக்கப்பட்டன. பழுதாகாத வண்டி என்று இதன் உரிமையாளர்கள் பலர் கூறுவதுண்டு. இதற்கும் பழுதுகள் உண்டு. எனினும் அவை எண்ணிக்கையில் குறைந்தவை, பெரும்பாலும் முன்கூட்டியே அறியக்கூடியவை, சிறிய பணிமனையிலும் சரிசெய்யத்தக்கவை.

வரலாறு

1981 பெப்ரவரியில் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட மாருதி உத்யோக், 1982 அக்டோபரில் சப்பானின் சுசூக்கி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதல் வண்டியின் சாவியை 1983 திசம்பர் 14 அன்று அன்றைய தலைமையமைச்சர் இந்திரா காந்தி வழங்கினார். அப்போதைய விலை ஏறத்தாழ 47,500 ரூபாய். 1986-இல் உடலமைப்பு மாற்றப்பட்டது. மாசு விதிகள் கடுமையானதால் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2014 சனவரி 18 அன்று தயாரிப்பு முடிவுக்கு வந்தது.

பொறியமைப்பு

இது 796 கன செ.மீ. கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட பெட்ரோல் பொறியால் இயங்குகிறது. முன்சக்கரங்கள் இயக்கப்படுகின்றன. நீளம் 3,335 மி.மீ.; எடை ஏறத்தாழ 650 கிலோ. எடை குறைவு என்பதால் பிரேக், கிளட்ச், டயர் ஆகியவற்றின் மீது விழும் சுமையும் குறைவு. இவை நீண்டகாலம் உழைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். தொடக்கத்தில் கார்புரேட்டர் பயன்படுத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டளவில் எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது.

வழக்கமான பழுதுகள்

* கார்புரேட்டர்: தூசு அடைத்தால் காலையில் வண்டி கிளம்பத் தயங்கும், வெற்றோட்டத்தில் நின்றுபோகும். கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் சரிப்படுத்தினால் போதும். தெளிப்பு முறை வண்டிகளில் இத்தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் உணரிகள் பழுதானால் கண்டறியக் கருவி தேவைப்படும்.
* டைமிங் பெல்ட்: இது அறுந்தால் வண்டி ஓடும்போதே பொறி நின்றுவிடும். குறித்த தொலைவில் மாற்றுவதே ஒரே வழி.
* ரேடியேட்டர் மின்விசிறி: இதுவே செலவு மிகுந்த பழுதுக்குத் தொடக்கமாகும். விசிறியின் வெப்ப சுவிட்சு வேலை செய்யாமலோ நீர் குறைந்தோ போனால் பொறி சூடேறும். அதன் மேற்பகுதி அலுமினியத்தால் ஆனதால் வளைந்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். வெப்பமானியைக் கவனித்து உடனே நிறுத்தும் ஓட்டுநர் இச்செலவைத் தவிர்க்கலாம்.
* கிளட்ச் கேபிள், முன் அச்சின் ரப்பர் உறைகள்: இவை தேய்பொருள்கள். உறை கிழிந்ததைக் கவனியாவிடில் மண் புகுந்து மூட்டே கெடும்.

பெருமளவில் விற்பனையானதால் உதிரிபாகங்கள் எளிதில் கிடைத்தன; மெக்கானிக்குகளுக்கும் வண்டி பழகிப்போனது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களில் வண்டி வைத்திருப்போருக்கு இது பெரிய வசதியாகும். அங்கே பழுது நேராமல் இருப்பதைவிட, நேர்ந்த பழுதை அன்றே உள்ளூரில் சரிசெய்ய முடிவதே முதன்மையானது.

குறைகள்

பொறியைவிட உடல் தகடே விரைவில் கெடுகிறது. கால்மிதியின் கீழுள்ள தரைத்தகடு, கதவுகளின் அடிப்பகுதி, சக்கர வளைவு ஆகியவற்றில் நீர் தங்கித் துருவேறும். மரக்காணம் போன்ற உப்புக்காற்று வீசும் கடலோரப் பகுதிகளில் இது விரைவாக நிகழும். பழைய வண்டி வாங்குவோர் முதலில் கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பது இதனாலேயே.

நம்பகமான வண்டி என்பதும் பாதுகாப்பான வண்டி என்பதும் ஒன்றல்ல. இவ்வண்டியில் காற்றுப்பைகளோ பூட்டாத பிரேக் அமைப்போ இல்லை. மெல்லிய உடல் கொண்ட இதனை நெடுஞ்சாலையில் அதிவேகத்தில் ஓட்டுவது ஆபத்தானது.

இன்றைய நிலை

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025-இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மேலும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவலானது. இவ்வண்டிகள் அதற்கென வடிவமைக்கப்படாதவை. ஆகவே எரிபொருள் குழாய்கள், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை அவ்வப்போது சோதித்து மாற்றுவது தேவையாகிறது. வண்டியை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்ற முடிவு இன்று பொறியின் நிலையை மட்டுமன்றி, தரைத்தகட்டின் நிலையையும் இச்செலவுகளையும் பொறுத்தே அமைகிறது.