நாவடியில் நின்ற சுரப்பி

கர்ப்பத்தின் நான்காவது வாரத்தில் நாவின் அடியில் முளைத்து, ஏழாவது வாரத்துக்குள் கழுத்தின் முன்புறம் இறங்கி நிலைகொள்ள வேண்டிய தைராய்டுச் சுரப்பி, லட்சத்தில் ஒருவருக்கு என்று சொல்லத்தக்க அபூர்வமாக, இறங்காமல் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதுண்டு. பெண்களையே அதிகமாகப் பற்றும் இக்குறை, பூப்பெய்தும் பருவத்திலோ கர்ப்ப காலத்திலோ பருத்து, விழுங்கவும் பேசவும் இடையூறாகும். பிறந்த சிசு ஒன்று இதனால் மூச்சு முட்டி இறந்ததை 1869-ல் ஹிக்மன் என்ற வைத்தியர் எழுதிவைத்தார்.

கட்டி என்றால் அறுத்தெறிவதே அக்காலத்து ரண சிகிச்சை. தைராய்டு வீங்கிய கழுத்துக் கழலைகளைச் சுரப்பியோடு முழுவதும் அகற்றிப் பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தின் தியோடர் கோகர், தம்மிடம் குணமாகிச் சென்றவர்களை மீண்டும் வரவழைத்துப் பார்த்தபோது, பலர் முகம் ஊதி, புத்தி மந்தித்து, வளர்ச்சி குன்றியிருக்கக் கண்டு, 1883-ல் அதனை மறைக்காமல் உலகுக்கு உரைத்தார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அவருடைய மகிமை அந்த ஒப்புதலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. நாவடிச் சுரப்பி உடையவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்குக் கழுத்தில் வேறு தைராய்டே இராது என்பதால், கட்டி என்றெண்ணி அதை அறுப்பது அதே துன்பத்தை விலைக்கு வாங்குவதாகும்.

அறுக்குமுன் அறிய வழி என்ன? அயோடினைத் தேடி உறிஞ்சுவது தைராய்டின் சுபாவம். 1938-ல் பாஸ்டனில் ஹெர்ட்ஸும் சகாக்களும் கதிரியக்க அயோடினை முயல்களுக்குச் செலுத்தி அதனை நிரூபித்தனர். 1950-களில் காஸனின் வருடிக்கருவியும், ஆங்கரின் காமா காமிராவும் அந்த உறிஞ்சலைப் படமாக்கின. கழுத்து வெறுமையாகவும், நாவடியில் ஒரு புள்ளி பிரகாசமாகவும் தெரிந்தால், இருக்கும் சுரப்பி அது ஒன்றே என்று வைத்தியர் அறிந்துகொள்கிறார்.

இத்தகைய கதிரியக்கப் பொருள்களை இந்தியாவிலேயே உண்டாக்க வழிகோலி, 1956 ஆகஸ்டில் பம்பாயின் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது; 1963-ல் பம்பாயிலேயே அணுசக்தித் துறையின் கதிர்வீச்சு மருத்துவ மையமும் தோன்றியது. அப்சரா இயங்கத் தொடங்கிய அதே 1956-ல், நவம்பர் முதல் தேதி, சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவிலிருந்த பாலக்காடும், தமிழகத்தோடு சேரவேண்டுமென்று தமிழர் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குள் அடங்கின. எல்லைக்கோடு புதிதாக வந்தாலும், நோயாளிகளின் பாதைகள் பழையவைதாம்: வாளையாறு கடந்து கோவைக்கும், போடிமெட்டோ குமுளியோ இறங்கித் தேனி, மதுரைக்கும் கேரள எல்லையில் வாழும் தமிழர் இன்றும் செல்கின்றனர்.

கதிரியக்கப் படம் எடுக்கும் இந்தச் சோதனைக்கு மலையிறங்கியே தீரவேண்டியிருப்பதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. இதற்கு இப்போது பெரிதும் பயன்படும் கதிரியக்க டெக்னீஷியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; அதைத் தரும் மாலிப்டினமோ அறுபத்தாறு மணி நேரத்தில் பாதியாகும். வாரந்தோறும் புதிய சரக்கு வந்து சேரும் பெருநகர ஆஸ்பத்திரியில்தான் அதனை வைத்துக் காக்க முடியும். கழுத்தில் சுரப்பி உண்டா இல்லையா என்று பார்க்க மட்டுமானால், உள்ளூரிலேயே அல்ட்ராசவுண்ட் போதும். படம் எடுத்து உண்மை தெரிந்தபின், மூச்சுக்கோ விழுங்கலுக்கோ பெருந்தடை இல்லாத பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. நாள்தோறும் வெறும் வயிற்றில் உட்கொள்ளும், தைராய்டின் சுரப்பான தைராக்ஸின் மாத்திரையே கட்டியைச் சுருங்கச் செய்கிறது. அந்த மாத்திரை மலைமேலுள்ள மூணாற்றுக் கடையிலும் கிடைக்கிறது.