மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீன்



நோய் தீர்க்கும் வைத்தியனை நோயாளி மறவான். கல்வி தந்த ஆசானை மாணாக்கன் மறவான். இவ்விரு பணிகளையும் ஒருவரே ஆற்றியிருப்பாராயின், அவர் மறைந்த பின்னர் அவரை நினைவுகூரும் கடமை ஒரு சமுதாயம் முழுவதையுமே சார்ந்ததாகின்றது. அத்தகைய கடமைக்கு யாழ்ப்பாணத் தமிழரை ஆளாக்கிச் சென்ற ஒரு பெருந்தகையைப் பற்றியே இன்று தங்களுடன் பேச விரும்புகின்றேன். அவர்தாம் மானிப்பாயிலே வாழ்ந்து வைத்தியம் செய்தும், வைத்தியம் கற்பித்தும், மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தும் தொண்டாற்றிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் என்னும் நகரிற் பிறந்தார். நியூயோர்க் நகரில் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் வளர்ச்சிக்கு வழிவகுத்தவரெனப் போற்றப்பட்ட அந்துரு ஹஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். அந்நகரில் வைத்தியத் தொழில் நடத்தியிருப்பின் செல்வமும் செல்வாக்கும் அவரை நாடி வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கப்பலேறி, 1847ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயதை அண்மிய இளைஞராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னரும் மேலைநாட்டு வைத்தியர் இங்கு வந்ததுண்டு. 1819ஆம் ஆண்டில் வந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே தங்கி வைத்தியம் செய்தார். அவருக்குப் பின் டாக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலிருந்து அப்பணியைத் தொடர்ந்தார். இவ்விருவரும் நோயாளரைக் கவனித்ததோடு தமக்கு உதவியாகச் சிலரைப் பழக்கியும் வந்தனர். வகுப்பு அமைத்து, ஆண்டு வரையறுத்து, பாடங்களை ஒழுங்குபடுத்தி மேலை வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கியவர் கிறீனே. 1848ஆம் ஆண்டு அவர் மானிப்பாய்க்கு வந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய மருத்துவ வகுப்பும் தொடங்கியது. கொழும்பிலே அரசினர் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870ஆம் ஆண்டில் என்பதை நோக்குமிடத்து, மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முற்பட்டது என்பது புலனாகும்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை ஒருகணம் மனத்தில் எண்ணிப் பாருங்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் ஊரூராகப் பரவி உயிர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய நூல்களின் வழிவந்த நாட்டு வைத்தியம் இங்கே வேரூன்றியிருந்தது. பரம்பரை வைத்தியர் பலர் தம் கைப்பக்குவத்தால் மதிப்புப் பெற்று விளங்கினர். ஆயினும் அறுத்து ஆற்ற வேண்டிய கட்டிகளுக்கும், கண்ணிற் படர்ந்த படலத்துக்கும், பிரசவ வேளையில் நேரும் இடர்களுக்கும் மக்கள் கதியற்று நின்றனர். புதிய வைத்தியரின் கத்தியைக் கண்டு முதலில் அஞ்சியவர்களும், குணமடைந்து திரும்பிய அயலவரைக் கண்டபின் மானிப்பாயை நோக்கி மாட்டுவண்டிகளிலே வரலாயினர்.

1850ஆம் ஆண்டில், அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்திலே ஓர் ஏழையர் வைத்தியசாலை நிறுவப்பட்டது. அதன் பணியிலும் கிறீனுக்குப் பங்கு இருந்தது. அதுவே வளர்ந்து இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாகத் திகழ்கின்றது.

பத்து ஆண்டுகள் இடைவிடாது உழைத்து உடல்நலங் குன்றிய கிறீன் 1857ஆம் ஆண்டில் தாயகம் சென்றார். அங்கு திருமணஞ் செய்துகொண்டு, 1862ஆம் ஆண்டில் துணைவியாருடன் மீண்டும் மானிப்பாய்க்குத் திரும்பினார். இந்த இரண்டாம் வருகையின்போதே, அவர் வாழ்க்கையின் தலையாய முடிவு செயலுருப் பெற்றது. முதல் வகுப்புகளில் ஆங்கிலத்திற் கற்பித்து வந்தவர், இனி மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்துவதெனத் துணிந்தார்.

இத்துணிவுக்கு அடிப்படையாயிருந்தது அவர் கண்கூடாகக் கண்ட ஓர் உண்மை. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். அவர்களைக் குறைகூறுதற்கு இடமில்லை. அவர்கள் கற்ற மொழி அவர்களுக்குத் திறந்துவிட்ட வாயில் அதுவாயிருந்தது. ஆனால், வேலணையிலோ வடமராட்சியிலோ ஒரு குடிசையிற் காய்ச்சலாற் கிடந்தவனுக்கு அதனால் விளைந்த பயன் யாது? தன் ஊரவர் மொழியிலே கற்றவன் தன் ஊரவரிடையே நிலைத்திருப்பான். நோயின் காரணத்தையும் சுகாதாரத்தின் விதிகளையும் அவர்களுக்கு விளங்கும் சொற்களால் எடுத்துரைப்பான். இவ்வாறு கருதியே கிறீன் தமிழைத் தேர்ந்தார். தாய்மொழிப் பற்று என்னும் உணர்ச்சி அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை. தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. நோயாளியின் நன்மையை முன்வைத்துச் சிந்தித்த ஒரு வைத்தியரின் முடிவு அது.

மொழியைத் தேர்ந்துவிட்டால் மாத்திரம் போதுமா? நூல் வேண்டுமே! உடற்கூற்றின் நூற்றுக்கணக்கான உறுப்புகளுக்கும், நோய்களுக்கும், மருந்துகளுக்கும், இரசாயனப் பொருள்களுக்கும் சொல் வேண்டுமே! இங்கேதான் கிறீனின் உழைப்பு நம்மை வியக்கவைக்கின்றது. கட்டர் என்பார் எழுதிய உடற்கூற்று நூலை 1852ஆம் ஆண்டளவிலேயே அவர் தமிழில் வெளியிட்டிருந்தார். உடலின் அமைப்பு, அதன் தொழில், நலம் பேணும் முறை ஆகியவற்றை முறையே அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் என்னும் சொற்களால் வழங்கினார். அதனைத் தொடர்ந்து பிரசவ வைத்தியம் பற்றிய நூல் 1857ஆம் ஆண்டிலும், 'இரண வைத்தியம்' 1867ஆம் ஆண்டிலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்னும் இரு பெரு நூல்கள் 1872ஆம் ஆண்டிலும், 'கெமிஸ்தம்' 1875ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவருடைய நூல்களின் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேற்படும்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை இன்றும் கருதத்தக்கது. முதலில் தமிழிலே வழங்கும் சொல்லைத் தேடுக. அது கிடையாதவிடத்து வடமொழியை நாடுக. அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய அமைத்துக்கொள்க என்பதே அவர் கொண்ட ஒழுங்கு. நரம்பு, ஈரல், குடல், நாடி முதலிய சொற்கள் ஏற்கனவே மக்கள் நாவிலும் வைத்தியர் நூலிலும் வழங்கின. அவற்றை அவர் மாற்ற முயலவில்லை. இரணம், பிரசவம் என்பனவும் நம்மவர் செவிக்குப் பழகியவையே. இரசாயன சாத்திரத்துக்கு மாத்திரம் ஆங்கிலப் பெயரையே சிறிது திருத்திக் 'கெமிஸ்தம்' என்றார். அவருடைய சொற்களிற் சில இன்று வழக்கிழந்துவிட்டன. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், இரசாயனவியல் என்னும் பெயர்கள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும், சொல் இல்லையே என்று கைகட்டி நில்லாமல் இருக்கும் சொல்லைக் கொண்டு பணியைத் தொடங்கு என்று அவர் காட்டிய வழி பழமைப்பட்டதன்று.

இப்பணியை அவர் தனித்து நின்று செய்தாரல்லர். அவருடைய மாணாக்கர்களே மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணையாயினர். ஆசிரியர் பாடத்தை விளக்க, மாணாக்கர் அதற்கேற்ற தமிழ் வடிவத்தை எடுத்துரைக்க, இருபாலாரும் இருந்து சீர்தூக்கித் திருத்துவர். ஆசிரியர் மாணாக்கரிடம் மொழி கற்க, மாணாக்கர் ஆசிரியரிடம் கலை கற்ற இந்த உறவே அந்நூல்களைப் பெற்றெடுத்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலே கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயின்ற ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் உருவாகியிருந்தமை இம்முயற்சிக்கு நல்ல நிலமாய் அமைந்தது. கிறீனிடம் வைத்தியம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர்கள்.

1866ஆம், 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வேளையிற் கிறீனும் அவருடைய மாணாக்கரும் நோயாளரிடையே நின்று பாடுபட்டனர். தமிழில் வைத்தியம் கற்பித்தால் தேறிய வைத்தியர் உருவாகார் என்று கருதியோருக்கு, அந்தக் கொடிய காலமே தக்க விடை தந்தது எனலாம்.

கிறீனிடம் மாறுபட்டு நிற்கத்தக்க கருத்துக்களும் இருந்தன. அவர் சமயப் பிரசாரகராகவே இங்கு வந்தார். வைத்தியத்தையும் அப்பணியின் ஒரு பகுதியாகவே மதித்தார். சைவத்தைத் தம் வாழ்வெனக் கொண்ட பெரும்பாலான தமிழர் இந்நோக்கத்தை ஏற்றிலர். நாட்டு வைத்தியத்தின்மீதும் அவருக்கு அத்துணை நம்பிக்கை இருந்ததில்லை. இவற்றை மறைத்துப் புகழ்பாடுவது வரலாறு ஆகாது. எனினும் அவர், தம் மாணாக்கர் மேலைநாட்டார் உடையையும் நடையையும் பின்பற்றுவதை விரும்பாதவர். தமிழர் தமிழராகவே வாழவேண்டுமெனக் கருதியவர். அந்நிய ஆட்சியின் நிழலில் ஆங்கில உடையே உயர்வின் அடையாளமெனப் பலர் மயங்கியிருந்த காலத்தில், அமெரிக்கர் ஒருவர் இவ்வாறு எண்ணினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1873ஆம் ஆண்டில் உடல்நலக் குறைவினால் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாக நீங்க நேர்ந்தது. ஓய்வுக்காகச் சென்றவர் ஓய்ந்திருக்கவில்லை. பனிபெய்யும் வூஸ்டர் நகரிலே, தமிழ் ஓசை செவிப்படாத சூழலிலே இருந்துகொண்டு, தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்து கவனித்தார். டால்டனின் உடற்றொழில் நூலைத் தழுவிய 'மனுஷ சுகரணம்' 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு மறு ஆண்டில், 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், அறுபத்தொரு வயதில் அவர் உயிர்நீத்தார். தம் கல்லறையிற் பொறிக்கவேண்டிய வாசகத்தை அவரே விரும்பிக் கூறியிருந்தார். பட்டங்களையோ பதவிகளையோ அவர் வேண்டவில்லை. தமிழருக்கு வைத்தியத்தாற் சமயத்தொண்டு செய்தவர் என்னும் பொருள்படும் சொற்களையும், தம் இறைவனைக் குறிக்கும் ஒரு தொடரையுமே வேண்டினார். கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு மயானத்திலே தமிழரின் பெயர் இவ்வாறு கல்லில் நிலைபெற்றுள்ளது.

நேயர்களே, அவர் நம்மை மறவாதிருந்தார். நாம் அவரை எவ்வாறு நினைவில் வைத்தோம்? மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை எனப் பெயர்பெற்று இன்றும் விளங்குகின்றது. 1891ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தன. 1967ஆம் ஆண்டில் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதி, மறதியிலிருந்து அவர் பெயரை மீட்டார். இவையெல்லாம் போற்றத்தக்க நினைவுச் சின்னங்களே.

ஆனால் கிறீன் தம் உயிரினும் மேலாக வளர்த்த அந்தத் தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அரசாங்கம் மதித்தது ஆங்கிலத்தை. உத்தியோகம் கொடுத்தது ஆங்கிலம். பெற்றோர் தம் பிள்ளைகளை அந்த வழியிற் செலுத்தியதில் வியப்பில்லை. தமிழில் மருத்துவம் கற்பித்தவர் சென்றதும், கற்பிக்கும் பழக்கமும் அவருடனே சென்றது. 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோதும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. உலகெங்கும் நாள்தோறும் வளரும் மருத்துவ அறிவை எட்டுவதற்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் கிறீன் எழுப்பிய வினா வேறு. வைத்தியன் எந்த மொழியிற் கற்றாலும், நோயாளிக்கு அவன் நோயை எந்த மொழியில் விளக்குவான்? மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, தனக்கு நேர்ந்தது இன்னதென்று அறியாமல் வீடு திரும்பும் முதியவள் இன்றும் நம்மிடையே இருக்கின்றாள் அல்லவா? அவள் இருக்கும்வரை அந்த வினாவும் இருக்கும்.

மறைந்த ஆசானுக்கு மண்டபம் எழுப்புதல் எளிது. அவன் விட்ட வேலையைத் தொடுதலே அரிது. மருத்துவ மாணாக்கர் தம் பாடங்களை ஆங்கிலத்திற் கற்பினும், ஒவ்வொரு நோயையும் சாதாரணத் தமிழிலே ஒரு தாய்க்கு விளக்கப் பழகுவாராக. வல்லவர்கள் சுகாதார நூல்களை நல்ல தமிழில் எழுதுவாராக. நூலகங்கள் கிறீனின் பழைய நூல்களைச் செல்லரிக்க விடாது காப்பனவாக. தமிழில் மருத்துவத்தைச் சொல்ல முடியுமா என்று இனி ஒருவர் ஐயுற்றுக் கேட்பாராயின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயிலே அது சொல்லப்பட்டது, கற்பிக்கப்பட்டது, அதனால் உயிர்கள் காக்கப்பட்டன என்று துணிந்து விடையிறுக்கலாம். அந்த விடையை நமக்குத் தேடித் தந்தவர் தமிழகத்திலும் ஈழத்திலும் பிறவாத ஒருவர் என்பதை மறவாதிருப்போமாக.